கடனுக்கு மட்டும் விவாகரத்து இல்லை

ராண்டி ஹெல்மர் என்ற பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கும். ஆனால் நோரீனைப் பற்றிச் சொல்ல வந்தால் அவனைத் தவிர்க்க வழியில்லை. மாதம் பிறந்தால் அவள் வீட்டுத் தபால்பெட்டியில் "ராண்டல் மற்றும் நோரீன் ஹெல்மர்" என்று இரண்டு பெயரும் போட்ட உறை ஒன்று வந்து விழும். விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அவள் டோபெக் என்ற தன் பழைய குடும்பப் பெயருக்கே திரும்பிவிட்டாள். அவன் ஃப்ளோரிடாவில் மூன்றாவது பெண்டாட்டியோடு வெயில் காய்கிறான். கல்விக்கடன் வசூலிக்கிற கம்பெனிக்கு மட்டும் அவர்கள் இன்னமும் புருஷன் பெண்டாட்டிதான்.

என் பெயர் வெர்னா. ஈரி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில் அலுவலகம் பார்க்கிறேன். நோரீன் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குகிற பிள்ளைகள், நாக்கு புரளாத பிள்ளைகள், வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்குக் கொடுத்திருக்கும் அறை என் மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். கதவு சரியாகச் சாத்தாது. அவள் பாடம் நடத்துவதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒரு பிள்ளை வார்த்தை வராமல் திணறினால் அவள் எடுத்துக் கொடுக்கமாட்டாள். லேசாக முன்னால் சாய்ந்து, முகத்தில் அவசரமே இல்லாமல் காத்திருப்பாள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு மூச்சு முட்டும். எழுந்துபோய் நானே சொல்லிவிடலாமா என்றிருக்கும். ஒருவழியாக அந்த வார்த்தை வெளியே வந்ததும் "சரியா சொன்ன" என்பாள். அதற்கு மேல் கொஞ்சலும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. "அவங்க சொல்ல வேண்டியத நாம சொல்லி முடிச்சிட்டா, அது அவங்களுக்கு எப்பவுமே வராது வெர்னா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். இவ்வளவு தெரிந்தவள் ஒரு தடிமாட்டு ஆம்பிளையிடம் போய் எப்படி ஏமாந்தாள் என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

அவர்கள் கல்யாணம் போலந்து வம்சத்தார் நடத்துகிற போலிஷ் கிளப் கூடத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணோடு ஆட வருகிறவர்கள் வரிசையில் நின்று, சமையல் செய்யும்போது இடுப்பில் கட்டுகிற ஏப்ரன் துணி ஒன்றில் பணம் போடுவார்கள். அந்த ஏப்ரனை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். ரயில் எஞ்சின் ஆலையில் வேலை பார்த்துக் கை காய்த்துப்போன கிழவர்களெல்லாம் ஒரு சுற்று ஆடிவிட்டு நோட்டை மடித்துப் போட்டார்கள். புதுக்குடித்தனத்துக்கு என்று கொடுத்த பணம் அது. அடுத்த மாதமே அது பனியில் ஓட்டுகிற வண்டியாக மாறி ராண்டியின் காலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. நோரீன் சிரித்துக்கொண்டே, "ஆசப்பட்டான்" என்றாள்.

அவன் அப்போது முதுகெலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்கிற வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முழுக்கக் கல்விக்கடன். நோரீனும் கடன் வாங்கித்தான் படித்தாள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுடையது, மீதி இரண்டு பங்கு அவனுடையது. அந்தக் காலத்தில் கல்யாணமானவர்கள் இரண்டு பேர் கடனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள அரசே வழி வைத்திருந்தது. ஒரே பில், கொஞ்சம் குறைந்த வட்டி. சின்னஞ்சிறுசுகளெல்லாம் ஏதோ சேமிப்புக் கணக்குத் தொடங்குகிற மாதிரி குஷியாகப் போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்த நாள், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வெள்ளிக்கிழமை, கிளப்பில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணெய்க் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே ராண்டி, "உன் கடன் என்ன, என் கடன் என்ன, எல்லாம் நம்ம கடன்தானே" என்றான். மேஜையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் அவன் படிப்பை விட்டுவிட்டான். வகுப்பு காலை எட்டு மணிக்காம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்புறம் வீட்டுத் தோட்டத்தில் வைக்கிற வெந்நீர்த் தொட்டி விற்கப் போனான். வாங்க வந்த ஒரு பெண்ணோடு அந்தத் தொட்டியிலேயே இறங்கிவிட்டான். அதற்கு மேல் விவரம் சொல்ல எனக்குக் கூசுகிறது.

விவாகரத்துத் தீர்ப்பில் அவரவர் பங்கை அவரவர் கட்டவேண்டும் என்று நீதிபதி தெளிவாக எழுதியிருந்தார். நோரீன் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். நீதிபதி சொன்னது உங்கள் இருவருக்குள் இருக்கிற விஷயம். எங்களிடம் இருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். யார் கட்டினாலும் எங்களுக்குச் சம்மதம் என்றாளாம். அவன் கட்டவில்லை. கட்டாவிட்டால் கெடுவது இரண்டு பேர் பெயரும்தான், ஆனால் கெடுவதற்குப் பெயர் என்று ஒன்றை வைத்திருந்தவள் இவள் மட்டுமே. ஒருமுறை வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு இழுத்தாள். இரண்டு மாதம் கட்டினான், மூன்றாம் மாதம் ஊரைவிட்டே போய்விட்டான். வக்கீலுக்குக் கொடுத்த பணம் அவன் கட்டியதைவிட அதிகம்.

அதிலிருந்து அவள்தான் கட்டுகிறாள். பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன வாடகை வீடு. கதவை உள்ளிருந்து கயிறு கட்டிச் சாத்தவேண்டிய கார். கோடை விடுமுறையில் மற்ற ஆசிரியைகள் ஏரிக்கரையில் படுத்துக் கிடக்கும்போது இவள் முதியோர் இல்லத்தில், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். வட்டி போக அசலில் கழிந்தது கொஞ்சம்தான். கட்டியதைக் கூட்டிப் பார்த்தால் தன் பங்குக்கு எப்போதோ கட்டித் தீர்த்துவிட்டாள், கணக்கில்தான் அது தெரியாது. வாங்காத கடனுக்கு, முடிக்காத படிப்புக்கு, ஓடிப்போனவனுக்கு இத்தனை வருஷமும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கம் உதவி செய்யாமலில்லை. அரசுப் பள்ளியில் பத்து வருஷம் வேலை பார்த்துத் தவணை தவறாமல் கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்கிற திட்டம் இருக்கிறது. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ப்ராடிக்கு அப்படித் தள்ளுபடியானபோது இரண்டு பெட்டி டோனட் வாங்கி வந்தான். நோரீன் அவனைப்போல இரண்டு மடங்கு வருஷம் வேலை பார்த்தவள். ஆசையாக விண்ணப்பித்தாள். உங்களுடையது சேர்த்த கடன், இந்தத் திட்டத்தில் வராது, முதலில் பிரிக்கவேண்டும் என்றார்கள். எப்படிப் பிரிப்பது என்று கேட்டாள். பிரிக்கச் சட்டத்தில் வழியில்லை என்றார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பல்லைக் காட்டிக் கூப்பிட்டவர்களுக்கு, கல்யாணங்கள் முறியும் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. முறிந்தவர்கள் வாசலில் நின்றபோது, ஃபோனில் சங்கீதம் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கிற இன்னொரு திட்டமும் இருந்தது. அதற்கு ராண்டியின் சம்பளச் சீட்டும் கையெழுத்தும் வேண்டும். அவன் சம்பாதிப்பது எவ்வளவு என்று அரசாங்கத்துக்கு எதற்குத் தெரியவேண்டும் என்று பதில் அனுப்பினான். அதே வாரம் புதுப் படகில் நின்று எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் காட்டினான். படகுக்கு "கவலை விட்டாச்சு" என்று பெயர் வைத்திருந்தான். நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று மதியம் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோரீனுக்கு இடது காது கேட்காமல் போனது. வலது காதும் மெல்ல மெல்லப் போய்விடும், கருவி வைத்தாலும் ஓரளவுக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளை எந்த ஒலியைத் தவறாகச் சொல்கிறது என்று கேட்காவிட்டால் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது? இன்னும் மூன்று நான்கு வருஷம் தள்ளினால் பெரிய விஷயம். கடனோடு பள்ளியைவிட்டுப் போனால் ஓய்வூதியத்தில் பாதி அந்த உறைக்கே போகும். எழுபது வயதிலும் ஏதாவது சூப்பர்மார்க்கெட்டில் நின்று, எதிரே இருப்பவர் சொல்வது கேட்காமல், பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் பிரிக்கச் சட்டம் வந்தது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது, மற்றவர் அடித்தோ உதைத்தோ பணவிஷயத்தில் கொடுமை செய்தோ இருந்தால், விண்ணப்பத்தில் அதற்கென்று இருக்கிற கட்டத்தில் குறிபோட்டு ஒருத்தர் தனியாகவே அனுப்பலாம். அவரவர் பங்கு அவரவர் தலையில் விழும். நான் அன்றைக்கே அதைப் பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாரக்கணக்கில் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என்னை அடிக்கலையே வெர்னா."

"அடிச்சிருந்தா ஆறியிருக்கும். அடுத்த வரியப் படி. பணக்கொடுமைன்னு போட்டிருக்கு பாரு."

"கொடுமைன்னு எழுதறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. முதல்ல அவன்கிட்ட நேர்ல ஒரு தடவ கேட்டுடறேன். ரெண்டு பேரும் சேந்து போட்டா யாருக்கும் அசிங்கமில்ல பாரு."

அசிங்கமாம். அசிங்கத்தையே படகு கட்டி ஓட்டுகிறவனுக்கு அசிங்கம் வந்துவிடக்கூடாதாம். இந்த நல்லதனத்தைப் பார்த்தால்தான் எனக்கு ராண்டிமேல் வருவதைவிட அதிக ஆத்திரம் வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு வியாதி. காலை மிதித்தவனிடம் இவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள்.

பிப்ரவரியில் ராண்டியின் அம்மா டோலோரஸ் இறந்துபோனாள். பாவம், நல்ல மனுஷி. விவாகரத்துக்கு அப்புறமும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது, பனி பெய்தால் வாசலில் வழி வெட்டிக் கொடுத்தது எல்லாம் நோரீன்தான். பிள்ளை நான்கு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு மட்டும் விமானம் ஏறி வந்தான். ஊரே வெளுத்துக் கிடக்கிற மாதத்தில் வறுத்த முந்திரி நிறத்தில், வாய் நிறையப் புதுப் பல்லோடு வந்து நின்றான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற கூடத்தில் சாப்பாடு. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்திருந்தோம். சீஸ் போட்ட உருளைக்கிழங்கு நோரீன் செய்தது. சாப்பாட்டுக்கு நடுவில் ராண்டி எழுந்து கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினான். அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். "எங்கம்மா செத்துப்போற வரைக்கும் யாருக்கும் ஒரு காசு பாக்கி வெச்சதில்ல. எனக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்து வளத்தாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் நோரீனைப் பார்த்தேன். அவள் கேட்காத காதை அவன் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். கடவுளே செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

காபி வைத்திருந்த மேஜைக்கருகே அவன் தனியாக நின்றபோது அவள் போனாள். தட்டுகளை அடுக்குகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். அவள் காகிதத்தை எடுத்து, சட்டம் மாறியதை, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பொறுமையாகச் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்டான்.

"சரி நோரி, இதுல எனக்கு என்ன இருக்கு?"

"உன் பங்கு உன் பேருக்கு வரும். என் பங்கு என் பேருக்கு. அவ்வளவுதான்."

"அதான் கேக்கறேன். இத்தன வருஷமா நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு? இப்ப எதுக்கு அதக் கிளறணும்?"

நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு. அவன் அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவன் தட்டைக் காட்டி, "இது யார் பண்ணது? அம்மா கை மாதிரியே இருக்கு" என்றான். நான்தான் என்றாள். மீதி இருந்தால் ஓட்டலுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் கட்டிக் கொடேன் என்று கேட்டான். வெட்கம், மானம், சூடு, சொரணை எதையுமே அவனுக்கு வைக்க மறந்துவிட்டுத்தான் டோலோரஸ் அவனைப் பெற்றிருக்கிறாள். அதைவிடக் கேவலம், நோரீன் கட்டிக் கொடுத்தாள். அலுமினியத் தாளில் நான்கு ஓரமும் மடித்து, சூடு ஆறாமல்.

என் காரில்தான் வந்திருந்தாள். உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடியில் இருந்த பனி உருக நேரமாயிற்று. எனக்கு வந்த வசவையெல்லாம் நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்; தேவாலய வாசல் அல்லவா.

"நல்லாத்தான் போய்க்கிட்டிருக்காம் வெர்னா" என்றாள்.

"கேட்டேன்."

"என் தப்பும் இருக்கு. அவன் சொல்ல வேண்டியத நானே இத்தன வருஷமா சொல்லி முடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். குளிரில் பேனா எழுதவில்லை. வாயில் வைத்து ஊதிக் கொடுத்தேன். பணக்கொடுமை என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறி போட்டாள். கோணலில்லாமல், அழுத்தமாக, பிள்ளைகளின் அட்டையில் போடுகிற மாதிரியே போட்டாள். பிறகு என்னை நேராகத் தபால் நிலையத்துக்கு விடச் சொன்னாள்.

எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். ஒருமுறை காகிதம் வந்து சேரவில்லை என்றார்கள். இன்னொருமுறை, உங்கள் கணவரின் சம்மதம் இணைக்கப்படவில்லையே என்று ஒரு புது ஆள் கேட்டான். அன்றைக்கு நான் ஃபோனைப் பிடுங்கிப் பேசியதை இங்கே எழுதமுடியாது. கடைசியில் அக்டோபரில் பிரித்துவிட்டார்கள். மீதிக் கடனைப் பழைய கணக்குப்படி பங்கு போட்டு, அவள் பெயரில் விழுந்த மூன்றில் ஒரு பங்கைப் பள்ளிச் சேவைக்காக மொத்தமாகத் தள்ளுபடி செய்தார்கள். இத்தனை காலமும் அவனுக்காகக் கட்டியதில் ஒரு சல்லி திரும்பாது. அதைப் பற்றிக் கேட்கக்கூட ஒரு கட்டம் அந்தக் காகிதத்தில் கிடையாது.

ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். மேலே "வாழ்த்துகள் நோரீன்" என்று நீல க்ரீமில் எழுதியிருந்தது. தலைமையாசிரியை அரசாங்கத்தின் பெருந்தன்மையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தன் இருபத்தைந்து வருஷம் இவள் முதுகில் உட்கார்ந்து சவாரி செய்திருக்கிறான், அவனைச் சட்டமே தூக்கி உட்காரவைத்திருக்கிறது, இப்போது இறக்கிவிட்டதற்கு நாம் கேக் சாப்பிடுகிறோம். என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த நேரத்தில் நோரீனின் ஃபோன் அடித்தது. காது போனதிலிருந்து எல்லாரிடமும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். மேஜைமேல் வைத்து அழுத்தினாள். ராண்டி.

"என்ன பண்ணி வெச்சிருக்க நோரி? என் பேருல மட்டும் ஒரு பில் வந்திருக்கு. என் வீட்ல அவ பிரிச்சிப் பாத்துட்டா. நான் உன்னை அடிச்சேன்னா எழுதிக் குடுத்த?"

"நீ அடிச்சேன்னு எழுதல ராண்டி. கட்டலைன்னு எழுதினேன்."

அவன் குரல் இறங்கிக் குழைந்தது. எனக்குப் பழக்கமான குழைவு.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. தவணையக் குறைக்க ஏதோ திட்டம் இருக்காமே. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. அந்த நம்பரக் குடு. இல்லன்னா நீயே அவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேசிடேன்."

அவள் கை தானாகப் போய்ப் பேனாவை எடுத்தது. இத்தனை வருஷப் பழக்கம். நான் பாய்ந்து பிடுங்கியிருப்பேன். அதற்குள் அவளே கீழே வைத்துவிட்டாள்.

"எந்தக் கடனுக்கு?"

"என்ன எந்தக் கடனுக்கு? இந்தக் கடனுக்குத்தான்."

"யாரோட கடன், ராண்டி?"

"நம்ம…" என்று தொடங்கி நிறுத்தினான்.

அவள் லேசாக முன்னால் சாய்ந்தாள். முகத்தில் கோபமில்லை, அவசரமில்லை. ப்ராடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது… காலேஜ் கடன்."

காத்திருந்தாள். ஃபோனுக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. எனக்கு வழக்கம்போல மூச்சு முட்டியது, ஆனால் இந்த முறை எடுத்துக்கொடுக்க எனக்கும் மனமில்லை.

"என்… என்னோட…" என்றான். இன்னும் காத்திருந்தாள்.

"என் கடன்."

"சரியா சொன்ன" என்றாள் நோரீன், பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில். நம்பரைச் சொல்லாமல் ஃபோனை அணைத்தாள். அதற்கப்புறம்தான் எனக்கு அந்தக் கேக் தொண்டையில் இறங்கியது.